கடைசி பெஞ்சில் பெரிய டீச்சர்

சல்லடை டீச்சரின் வகுப்பில், எதற்குப் பின் எது வரும் என்று கண்டுபிடிக்கிற அமைப்புகள் பாடம் புத்தகத்தில் தொடங்குவதில்லை. தண்ணீர் பாட்டிலில் தொடங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் வந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் நீளப் பலகையில் பாட்டிலை வைக்க வேண்டும். முதலில் வருகிற பிள்ளை நிற்க வைக்கும். அடுத்ததும் நிற்க வைக்கும். மூன்றாவது படுக்க வைக்கும். அதன் பிறகு வருகிற ஒவ்வொருவரும் பலகையைப் பார்த்து, தன் பாட்டில் நிற்க வேண்டுமா படுக்க வேண்டுமா என்று தானே முடிவுசெய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் வாய் திறக்கக் கூடாது. மூடியைச் சரியாகத் திருகாத பாட்டில் படுத்தால் தரை குளமாகும். அதனால் அந்த வகுப்பில் மூடியை இறுக்கத் தெரியாத பிள்ளை கிடையாது.

"அடுத்தது என்ன?" என்று டீச்சர் கேட்பாள்.

"படுக்கிறது டீச்சர்!"

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"தெரியும்னா? பாட்டில் உங்கிட்ட வந்து காதுல சொல்லிச்சா?"

பிள்ளைகள் சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். சரியான விடையைக் கேட்டு அவள் மகிழ்ந்ததே இல்லை. சரியான விடை, பக்கத்துப் பிள்ளையின் வாயிலிருந்து வந்திருக்கலாம், அதிர்ஷ்டத்தில் வந்திருக்கலாம், டீச்சரின் கண் போன திசையைப் பார்த்து வந்திருக்கலாம். ஆகவே பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு ஒரு பாட்டிலை நிலை மாற்றி வைப்பாள். சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் இல்லாமல் வருவதால் பொத்தான் என்றே பெயராகிவிட்ட ஒரு சிறுமி, திரும்பிய மறுகணம் கண்டுபிடித்துவிடுவாள். "டீச்சர், இங்க யாரோ கை வச்சிருக்காங்க." அவள் மீதும் டீச்சருக்குச் சந்தேகம் உண்டு. விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறாளோ?

பிள்ளைகளுக்கு அவள் சொல்லித் தந்த விதி ஒன்றுதான். ஒரு தடவை வந்தால் தற்செயல், இரண்டு தடவை வந்தால் ஜோடி, மூன்று தடவை வந்தால்தான் வரிசை.

சல்லடை என்ற பெயர் பெற்றோர்கள் வைத்தது. காய்ச்சல் என்று லீவு போட்ட பிள்ளையின் அம்மாவை வாசலில் நிறுத்தி, "காய்ச்சல்காரப் பிள்ளைக்கு உதட்டுல ஐஸ் கலர் எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டதிலிருந்து தொடங்கியது. எதைப் போட்டாலும் சலித்து, கல்லை மட்டும் மேலே நிறுத்திக் காட்டுவாள். பிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவர் வீட்டில், "உனக்கு போலீஸ்ல வேலை குடுத்திருக்கணும். நாட்டுல ஒரு திருடன் மிச்சம் இருக்க மாட்டான், கூடவே ஒரு நல்லவனும் மிச்சம் இருக்க மாட்டான்" என்பார்.

பிறவியிலேயே அவள் அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. முன்பு வேறொரு பள்ளியில் வேலை பார்த்தாள். அங்கே ஒருத்தியோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டாள். தான் அவளிடம் சொன்னதெல்லாம் அவள் வழியாகவே அன்றைக்கன்றைக்கு நிர்வாகத்தின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று, வேலை போன பிறகு, நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது உண்மையாகவே நடந்தது. சூடு கண்ட பூனையைக் கோழை என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அடுப்பைக் கண்டால் ஒதுங்குவது ஒன்று, சூடான பாலைக் கண்டாலும் அடுப்பு என்று நினைப்பது வேறு. அந்த வித்தியாசத்தை யாரும் பூனைக்குச் சொல்லித் தருவதில்லை.

உலகத்தோடு பழகுவதற்கு மனிதனிடம் இருக்கும் கருவி இதுதான்: முன்பு வந்தது மறுபடி வரும் என்ற எதிர்பார்ப்பு. அதைக் கொண்டுதான் குழந்தை அம்மாவின் காலடி ஓசையை அறிகிறது. அதைக் கொண்டுதான் சந்தேகக்காரரும் வேலை செய்கிறார். கருவி ஒன்றே என்பதால், கற்றுக்கொள்கிறோமா கற்பனை செய்கிறோமா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை.

அந்த வருடம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இரண்டு பிரிவாக இருந்தது. தாழ்வாரத்தின் கடைசியில் சல்லடை டீச்சரின் பிரிவு. மறு முனையில், தலைமையாசிரியை அறைக்கு ஒரே சுவர் தள்ளி, மேள டீச்சரின் பிரிவு. மேள டீச்சர் இளையவள், பருமனானவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். அமைப்புகளை அவள் மேளத்தில் நடத்தினாள். டும் டும் டக், டும் டும் டக். பிள்ளைகள் டும்முக்கு நிற்பார்கள், டக்குக்கு உட்காருவார்கள். மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள், ஆனால் அவரவர் டப்பாவில். அதில் சல்லடை டீச்சர் கண்டிப்பாக இருந்தாள்.

ஒருநாள் பெரிய டீச்சர் (தலைமையாசிரியையை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்) இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தே சொன்னார்.

"அடுத்த வருஷம் பிள்ளைங்க குறையுது. ஒண்ணாங் கிளாஸ் ஒரே பிரிவுதான். ஒரு டீச்சர் போதும். யாருன்னு பரீட்சைக்குள்ள சொல்றேன்."

வெளியே வந்ததும் மேள டீச்சர், "என்னக்கா இது, தலையில கல்லைப் போட்டுட்டாங்க" என்றாள்.

"யாரு தலையிலன்னு இன்னும் தெரியலையே" என்றாள் சல்லடை டீச்சர்.

இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். வயது நாற்பத்தேழு. எந்தப் பள்ளியும் இருபத்தைந்து வயதுக்காரியைத்தான் தேடும். அதைவிட, பிள்ளைகள் இல்லாத காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சந்தேகப்பட யாரும் இல்லாத வீட்டில் அவள் என்ன செய்வாள்?

அந்த வாரம்தான் அது தொடங்கியது. அமைப்புகள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவு வழியே, மேள டீச்சர் பெரிய டீச்சரின் அறைக்குள் போவதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துணிப் பையோடு வெளியே வந்து தன் வகுப்புக்குள் போனாள். பின்னாலேயே பெரிய டீச்சர் வந்தார். தாழ்வாரத்தின் நீளம் முழுக்க நடந்து, சல்லடை டீச்சரின் வாசலில் நின்றார்.

"நீங்க நடத்துங்க. நான் சும்மா உக்காருறேன்."

பெரிய டீச்சர் சும்மா உட்கார்ந்ததாகப் பள்ளியின் சரித்திரத்திலேயே கிடையாது. கடைசி பெஞ்சில், முழங்கால் மார்பைத் தொடும்படி அந்தச் சின்னப் பலகையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு விரலால் புருவத்தை அழுத்திக்கொண்டார். ஒரு பையன் உரக்க விடை சொன்னபோது முகத்தைச் சுளித்தார். சல்லடை டீச்சர் அந்தச் சுளிப்பைக் குறித்துக்கொண்டாள். விடையில் தப்பா? தான் கேட்ட விதத்தில் தப்பா? பெரிய டீச்சர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அதுவே நடந்தது. மேள டீச்சர் உள்ளே போனாள், பையோடு வந்தாள், பெரிய டீச்சர் வந்து கடைசி பெஞ்சில் கண்ணை மூடினார். அடுத்த வாரமும் நடந்தது.

"மூணு தடவைங்க" என்றாள் அன்று மாலை கணவரிடம். அவர் கூடத்தில் ஒரு பழைய பிரிட்ஜின் கதவைக் கழற்றி ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். "அவ உள்ள போறா. இவங்க வெளிய வராங்க. நேரா எங்கிட்ட வந்து உக்காருறாங்க. உள்ள என்ன பேச்சு நடக்குதுன்னு நினைக்கிறீங்க?"

"வந்து உக்காரட்டுமே. உன் பாடத்தைப் பார்த்தா உனக்கு நல்லதுதானே?"

"கண்ணை மூடிக்கிட்டா பார்ப்பாங்க?"

"தூங்குறாங்களோ என்னவோ."

"புருவத்தைச் சுருக்கிக்கிட்டு யாராவது தூங்குவாங்களா? குத்தம் கண்டுபிடிக்கிறவங்க மூஞ்சிங்க அது. எனக்குத் தெரியாதா? நானே அந்த மூஞ்சியைத்தான் வச்சிருக்கேன்."

"அதை நான் மறுக்கல" என்றார் மெக்கானிக். "ஒரு வீட்டுல, நான் பிரிட்ஜைத் தொறந்தாலே கரண்ட் போகும். மூணு தடவை. அந்தம்மா என்னை ராசியில்லாதவன்னு முடிவே கட்டிட்டாங்க. அப்புறம் பார்த்தா, நான் போற நேரம்தான் அவங்க தெருவுல கரண்ட் கட்."

"உங்களுக்கு எல்லாமே பிரிட்ஜுதான்."

"பிரிட்ஜு பொய் சொல்லாதும்மா. அதுக்குத்தான்."

நான்காவது முறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள், தனக்குள். மேள டீச்சர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததைப் பார்த்ததும், கடைசி பெஞ்சிலிருந்த இரண்டு பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லி, பலகையைத் துடைத்து வைத்தாள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் வந்தார், துடைத்த பலகையில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார். சல்லடை டீச்சருக்குக் கோபத்தோடு ஒரு திருப்தியும் வந்தது. சந்தேகம் பலித்தவர்களுக்கு வருகிற திருப்தி அது. நல்ல செய்திகூட அவ்வளவு இனிப்பதில்லை.

தூரத்தில் டும் டும் டக் கேட்டது. அது ஒவ்வொரு முறையும் கேட்டதுதான். வரிசையில் அதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்தது என்ன வரும் என்பதை வரிசை சொல்லும். ஏன் வருகிறது என்பதைச் சொல்லாது. அவளுடைய விதியில் அந்த இரண்டாம் பாதி இல்லை.

அன்றே அவள் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். நீங்க தப்பா நினைக்கக் கூடாது."

இப்படித் தொடங்குகிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டிய ஒன்றைத்தான் கொண்டுவருகிறார்கள் என்பது பெரிய டீச்சருக்குத் தெரியாததல்ல. "சொல்லுங்க" என்றார்.

"அந்தப் பிரிவுல பாடமே நடக்குறதில்ல. அமைப்புகள்னு பேரு, ஆட்டமும் சத்தமும்தான். ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் அதெல்லாம் ரெண்டாங் கிளாஸ் டீச்சர் தலையிலதான் விடியும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம சொல்வேனா?"

அவள் பார்த்ததில்லை. அந்த வகுப்பு வாசலில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. ஆனால் சொன்ன நேரத்தில் பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. தன்னைப் பற்றிப் போட்டுக் கொடுக்கிறவளைப் பற்றித் திருப்பிச் சொல்வதில் பொய் என்ன இருக்கிறது? பெரிய டீச்சர் புருவத்தை அழுத்திக்கொண்டு, "ம்" என்றார்.

மறுநாள் மேளம் நின்றது. பெரிய டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வருவதும் நின்றது. ஒரு வாரம் போயிற்று, அவர் வரவே இல்லை. கோள் சொல்கிறவளின் வாயை அடைத்தோம், வருகை நின்றுவிட்டது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? சல்லடை டீச்சர் நன்றாகத் தூங்கினாள். தப்பான கணக்குக்கும் சில சமயம் விடை சரியாக வந்துவிடும். அப்படி வருகிற விடைதான் ஆபத்தானது.

மேள டீச்சர் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேளத்தை எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க அக்கா."

"ஏனாம்?"

"படிப்பு நடக்கலைன்னு யாரோ சொன்னாங்களாம். யாரா இருக்கும் அக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. எதையும் சலிச்சு எடுத்துடுவீங்களே." அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். "போகட்டும், பெரிய டீச்சருக்காவது இனிமே நிம்மதி. பாவம், மேளம்னாலே அவங்களுக்குத் தலைவலி. நான் பீரோவுல இருந்து அதை எடுக்கப் போனாலே எழுந்துடுவாங்க. 'நீ தட்டும்மா, நான் அந்தக் கடைசி கிளாஸ்ல போய் உக்காந்துக்கிறேன், அங்கதான் ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்'னு சொல்லிட்டு உங்ககிட்ட ஓடி வந்துடுவாங்க. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சல்லடை டீச்சர் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள்.

"தலைவலியா?"

"ஆமா. ஒத்தைத் தலைவலி. வெளிய சொன்னா வயசாயிடுச்சுன்னு ஓரங்கட்டிடுவாங்கன்னு மறைக்கிறாங்க. நீங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

முதலில் அவள் நம்பவில்லை. இவ்வளவு பொருத்தமாக ஒரு காரணம் யார் கையிலும் தயாராக இருக்காது. பொய் சொல்கிறவர்கள்தான் எல்லாவற்றுக்கும் விளக்கத்தோடு வருவார்கள். மதியம் முழுக்க அதைச் சலித்தாள். புருவத்தில் விரல். மூடிய கண். சத்தம் வந்தபோது வந்த சுளிப்பு. மேளம் நின்றதும் நின்றுபோன வருகை. ஒவ்வொன்றும் சல்லடையின் ஓட்டை வழியே சுலபமாக இறங்கியது. மேலே நிற்க ஒரு கல்கூட மிஞ்சவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாட்டில் வரிசையில் யார் கை வைத்தது என்று தெரிய வேண்டுமானால், மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மறுநாள் அவளே பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள்.

"இன்னிக்கு மேளத்தை நான் எடுத்துக்கட்டுமா? எங்க பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் தட்டிக் காட்டலாம்னு பார்க்குறேன்."

பெரிய டீச்சரின் முகத்தில் பயமே வந்தது.

"நீங்களுமா? அப்ப நான் எங்கம்மா போறது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "இதைப் போட்டா வயிறு எரியுது. உங்க கிளாஸ்ல பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்தா மாத்திரையே வேண்டாம். பிள்ளைங்க சத்தமில்லாம யோசிக்குது. அதுக்கு ஒரு சத்தம் உண்டு, கேட்டிருக்கீங்களா? நல்லா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க கவலைப்பட வேண்டாம். அடுத்த வருஷம் நீங்கதான். ரெண்டு பேர்ல யாருன்னு எனக்குக் குழப்பமாத்தான் இருந்துச்சு. நீங்க வந்து அந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னதும் தெளிவாயிடுச்சு. நீங்க பார்க்காம சொல்ற ஆள் இல்ல."

அவர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த மேளப் பையோடு அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பேசாதிருப்பதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை, எல்லோரும் தினமும் செய்வதுதான். மேலும், சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாமே? அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம். அப்படியானால் பார்த்தோமா பார்க்கவில்லையா என்பது சின்ன விஷயம்.

அந்த நம்பிக்கையோடுதான் மேள டீச்சரின் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றாள்.

மேளம் இல்லாத வகுப்பு, கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது. மேள டீச்சர் கரும்பலகையில் வட்டம், வட்டம், கட்டம் என்று வரைந்து, தொடர்ந்து வரையச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, நாம் சொன்னது சரிதான் என்று சல்லடை டீச்சர் மூச்சுவிட்ட நேரத்தில், இரண்டாவது வரிசையில் ஒரு பையன் சத்தம் வராமல் தொடையில் தட்டிக்கொண்டான். விரல், விரல், உள்ளங்கை. பிறகு வரைந்தான்: வட்டம், வட்டம், கட்டம். பக்கத்துப் பெண்ணும் தட்டினாள், வரைந்தாள். அப்படியே வகுப்பு முழுக்கப் பரவியது. கட்டத்தை ஏதோ ஒரு பிள்ளை முக்கோணமாக்கியது. மேள டீச்சர் "என்னடா இது?" என்று கேட்டதற்கு, "இதுவும் டக்குதான் டீச்சர்" என்றது.

சல்லடை டீச்சர் தன் வகுப்புக்குத் திரும்பினாள். பலகையில் பாட்டில்கள் பிழையில்லாமல் நின்றன, படுத்திருந்தன.

"இதே வரிசையை இப்ப கைதட்டிக் காட்டுங்க பார்ப்போம்."

வகுப்பு விழித்தது. பாட்டிலைப் பார்த்தது, கையைப் பார்த்தது. கடைசியில் பொத்தான் எழுந்து, "படுத்திருக்கிற பாட்டில் எப்படி டீச்சர் கை தட்டும்?" என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு இல்லை.

பிள்ளைகள் பாட்டிலைக் கற்றிருந்தார்கள். வரிசையை அல்ல. ஒன்றில் கண்டதை இன்னொன்றுக்கு எடுத்துப் போக அவர்களுக்கு வழி தெரியவில்லை. அவள் அதைச் சொல்லித் தரவே இல்லை. ஏமாறாமல் இருக்கச் சொல்லித் தந்தாள். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு அந்தப் பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.

பள்ளி விட்ட பிறகு மேளப் பையோடு மறுபடி பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள். இந்த முறை முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பிரிவைப் பத்தி நான் சொன்னது தப்பு. நான் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னது பொய். இன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லா தெரியுது. எங்க பிள்ளைங்களுக்குத் தெரியாததும் தெரியுது."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. காய்ச்சல் லீவு கேட்ட அம்மாக்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு அதுக்கு நேர்மாறா ஒண்ணு. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

"நாளைக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்களே போய் உக்காந்து பாருங்க."

"அந்தச் சத்தத்துலயா?"

"காதுல பஞ்சு வச்சுக்கோங்க."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார் பெரிய டீச்சர். "அதைச் சொல்லுங்க முதல்ல. அவங்களும் நீங்களும் சேர்ந்து ஏதாவது பேசி வச்சிருக்கீங்களா?"

லாபம் எதுவும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே நம்பியிருக்க மாட்டாள். அதனால் மேளப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஆனாலும் பெரிய டீச்சர் மேளத்தை மறுபடி தட்டச் சொன்னார். மறுநாள் இரண்டு காதிலும் பஞ்சோடு மேள டீச்சரின் வகுப்பில் பாதி பாடவேளை உட்கார்ந்தார். மேளம் டும் டக் டக் என்று மாறியபோது பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுவதையும் உட்காருவதையும் மாற்றிக்கொண்டார்கள் என்று பின்னால் ஆயா சொல்லித்தான் சல்லடை டீச்சருக்குத் தெரிந்தது. பெரிய டீச்சர் முகம் வெளுத்து வெளியே வந்தார். அன்று அவர் கடைசி பெஞ்சுக்கு வரவில்லை. அவளை அறைக்கு அழைத்தார்.

"அடுத்த வருஷம் அவங்களே இருக்கட்டும்" என்றார். "நீங்க நல்ல டீச்சர்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா பார்த்தேன்னு சொன்னீங்களே, அதைத்தான் என்னால தாண்டிப் போக முடியல. இன்னொரு பள்ளிக்கூடத்துல கேட்டா நல்லபடியாவே சொல்வேன். அந்த டீச்சர்கிட்ட இதைச் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

மேள டீச்சர் மாலையில் கேட்டருகே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எனக்குச் சந்தோஷப்படறதா அழுறதான்னே தெரியல. உங்களைப் போய் அனுப்புவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. யாரு என்ன சொன்னாங்களோ!"

"உன் மேளத்தை நிறுத்தச் சொன்னது நான்தான்."

"விளையாடாதீங்க அக்கா."

"படிப்பு நடக்கலைன்னு நான்தான் போய்ச் சொன்னேன். நீ என்னைப் பத்திப் போட்டுக் குடுக்குறேன்னு நினைச்சேன்."

மேள டீச்சரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்று, போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

"எங்க கிளாஸை வந்து பார்த்துட்டா சொன்னீங்க?"

"இல்ல. பார்க்காமத்தான்."

"எத்தனை நாள் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கோம்" என்றாள் மேள டீச்சர். "ஒரு தடவை எங்கிட்ட கேட்டிருக்கலாமே. 'நீ உள்ள போய் என்னடி பேசுற'ன்னு. கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

கேட்டிருந்தாலும் வந்த பதிலைச் சல்லடை டீச்சர் நம்பியிருக்க மாட்டாள் என்பதுதான் உண்மை. அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். மேள டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் "வரேன்கா"வைச் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

மெக்கானிக் வண்டியோடு வந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"நான் அப்பவே நினைச்சேன், ஏதோ நடக்குதுன்னு. யாரு போட்டுக் குடுத்தது?"

"நான்தான்."

"என்னது?"

"நான்தாங்க. வேற யாரும் இல்ல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காதவள், இப்போது யாரையோ காப்பாற்றுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பெரிய டீச்சரையா? கூடச் சாப்பிடுகிறவளையா?

"உண்மையைச் சொல்லு" என்றார். "யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

அவள் வண்டியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள். வீடு வரும்வரை அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். எதையும் அவர் நம்பவில்லை.